நொச்சித் தண்ணீர் ஆறும்வரை

போர்வைக்குள் தலையை விட்டுக் குனிந்ததும் தனுஷ்கோடியின் மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டு, கொதிக்கிற நொச்சித் தண்ணீரில் விழுந்தது. சை. இனி அந்தச் சொட்டும் ஆவியாகி அவன் மூஞ்சியிலேயே அடிக்கும். நாற்காலியில் அவன், எதிரே ஸ்டூலில் அலுமினியச் சட்டி, இரண்டையும் சேர்த்து மூடிய ஒரு பழைய போர்வை. போர்வையின் ஓரங்களை வெளியிலிருந்து அமுக்கிவிட்டுக்கொண்டே செல்வக்கனி சொன்னாள்: “கண்ணைத் தொறந்துராதீங்க. வாயை மூடிட்டு மூக்கால இழுங்க.” மூக்கால் இழுக்க முடிந்தால் இந்தச் சட்டி எதற்கு? கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான். எது முடியாதோ அதைச் செய்யச் சொல்வாள், அதையும் நல்ல குரலில் சொல்வாள். அவன் வாயால்தான் மூச்சு விட்டான். நாக்கில் பச்சை இலையின் கசப்பு படிந்தது. கழுத்திலிருந்து வியர்வை இறங்கி, பனியன் முதுகோடு ஒட்டியது. உள்ளறைக் கட்டிலில் அய்யா காலை நீட்டிப் படுத்திருந்தார். அவன் அப்பா பால்ச்சாமி. அவருடைய வலது கால் புண்ணின் மேல்கட்டைப் பிரித்து, ஒட்டிக்கொண்டிருந்த உள்துணி இளகி வருவதற்காக உப்புத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்திருந்தான். சட்டித் தண்ணீர் ஆறுவதற்குள் துணி இளகிவிடும். தினமும் சாயங்காலம் இதுதான் ஏற்பாடு. அங்கே கால் ஊறும், இங்கே மூக்கு வேகும். இரண்டுக்கும் உப்புத் தண்ணீர் வேறு. மூக்குக் கழுவ ஒரு பாட்டில், கால் கழுவ ஒரு பாட்டில். மாறிப்போய்விடக் கூடாதென்று செல்வக்கனி கால் பாட்டிலின் கழுத்தில் சிவப்பு நூல் கட்டி வைத்திருந்தாள். ஒருநாள் நூல் அவிழ்ந்து கிடந்தது. அன்றைக்கு முழுவதும் அவன் எச்சிலைக்கூட விழுங்கவில்லை.

கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. சட்டையே போடவில்லை. பையும் இல்லை, புட்டியும் இல்லை. இருந்தாலும் கை போகிறது, செத்துப்போன மாட்டின் தொழுவத்துக்கே போய் நிற்கிறவனைப்போல. எத்தனை வருஷத்துப் பழக்கம். மற்றவர்கள் பேனா வைக்கிற இடத்தில் அவன் சொட்டு மருந்துப் புட்டி வைத்திருந்தான். தலையை அண்ணாந்து இந்தப் பக்கம் இரண்டு சொட்டு, அந்தப் பக்கம் இரண்டு சொட்டு. தொண்டைக்குள் கசப்பு இறங்கும், பூட்டுத் திறந்ததுபோல மூச்சு ஓடும். ஆரம்பத்தில் நாள் முழுக்க ஓடியது. பிறகு அரை நாள். கடைசியில் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் மறுபடியும் அடைத்தது. பஸ்ஸில் போகும்போது புட்டி காலியாகிவிடுமோ என்ற பயத்தில் பெட்டியில் ஒன்று, பையில் ஒன்று, இடுப்பில் ஒன்று. சாராயம் குடிக்கிறவன்கூட இவ்வளவு அசிங்கமாகப் பதுக்க மாட்டான். மிளகாய் வத்தல் மண்டியில் வேலை. விருதுநகரில் பாதித் தெருவுக்கு மிளகாய் நெடிதான் காற்று. சாக்கைப் பிரித்தால் சிவப்புத் தூசி எழும்பும், லோடு இறக்குகிறவன் முதல் சரக்குப் பார்க்க வந்த வியாபாரி வரைக்கும் வரிசையாகத் தும்முவார்கள். தனுஷ்கோடி மட்டும் எடை மேடையில் சிலை மாதிரி நிற்பான். மண்டி அண்ணாச்சி அதை வெளியூர்க்காரர்களுக்கு வேடிக்கையாகக் காட்டுவார். “பாருங்க, நம்ம தனுசு மூக்கை. சுவத்துல வச்சுப் பூசுன மாதிரி. வத்தல் யாவாரத்துக்குன்னே ஆண்டவன் படைச்சது.” எல்லோரும் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான். அது சர்டிபிகேட் என்றுதான் அவன் நினைத்திருந்தான். காது மூக்கு டாக்டர் விளக்கை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். “உள்ள எல்லாம் வீங்கிப் பாதையே தெரியல. அலர்ஜி இருக்கு, அது வேற. ஆனா மூக்கு அடைக்குதுன்னு இந்தச் சொட்டைப் போடுறீங்க பாத்தீங்களா, இதைப் போடுறதாலதான் அடைக்குது.” ஒரு ஸ்ப்ரே எழுதிக் கொடுத்தார். அது மெதுவாகத்தான் வேலை செய்யும், அதுவரைக்கும் உப்புத் தண்ணீரில் கழுவுங்கள், ஆவி பிடியுங்கள், சொட்டை மட்டும் கையால் தொடாதீர்கள். “கடைசியா எப்ப வாசனை தெரிஞ்சது?” என்று கேட்டார். தனுஷ்கோடிக்கு அந்தக் கேள்வியே அநாவசியமாகப்பட்டது. வாசனையை வைத்து என்ன செய்ய? மூச்சு வந்தால் போதாதா?

செல்வக்கனி எல்லாப் புட்டிகளையும் தேடி எடுத்துச் சாக்கடையில் ஊற்றினாள். மறுநாளிலிருந்து ஊரே வைத்தியராகிவிட்டது. மனுசனுக்கு மூக்கு அடைத்தால் மற்ற மனுசர்களுக்கு ஏன் இவ்வளவு உற்சாகம் வருகிறதோ. மஞ்சள் கொம்பை விளக்கில் சுட்டுப் புகையை இழு என்றார் ஒருவர். இழுத்தான், கண்ணில் நீர் கொட்டியதோடு சரி. ஓமத்தைத் துணியில் கட்டிக் கசக்கி முகர் என்றார் இன்னொருவர். வெங்காயத்தை வெட்டித் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படு என்று செல்போனில் ஒரு வீடியோ வந்தது. காலையில் வெங்காயம் கறுத்திருந்தது, மூக்கு அப்படியே இருந்தது. கோவில்பட்டி அத்தான், அக்காவின் வீட்டுக்காரர், பசுநெய்யை உருக்கிச் சுண்டுவிரலால் மூக்குக்குள் தடவ வேண்டும் என்று சொன்னதோடு நிற்காமல், தன் சுண்டுவிரலைத் தன் மூக்குக்குள் விட்டுச் சுற்றியும் காண்பித்தார். பிறகு அதே கையால் தட்டிலிருந்து முறுக்கை எடுத்தார். அன்றைக்கு அந்தத் தட்டை அவன் தொடவில்லை. எல்லாவற்றையும்விடக் கேவலம் இந்த உப்புத் தண்ணீர்க் கழுவல்தான். காய்ச்சி ஆறிய தண்ணீரில் உப்புப் பொடியைக் கரைத்து, வாஷ்பேசினில் குனிந்து, ஒரு துவாரத்தில் பீய்ச்சினால் மறு துவாரம் வழியாக வரும் என்று படம் போட்டிருந்தது. படத்தில் இருந்த பொம்பளை சிரித்துக்கொண்டிருந்தாள். அவனுக்கோ முதல் நாள் ஒரு பக்கமும் வரவில்லை, தண்ணீர் தொண்டைக்குள் இறங்கி, காதுக்குள் ஏறி, கடைசியில் வாய் வழியாக வந்தது. சில நாள் கழித்து மறு துவாரம் திறந்தது, திறந்தபோது வந்ததைப் பார்க்காமல் இருந்திருக்கலாம். மஞ்சளும் பச்சையுமாக, புளித்துப்போன கஞ்சியின் ஆடைபோல ஒன்று பேசினில் சுற்றிச் சுற்றி வந்து துளையருகே ஒட்டிக்கொண்டது. இத்தனை வருஷம் இதை வைத்துக்கொண்டா சாப்பிட்டான், கல்யாண வீட்டில் சந்தனம் தடவிக்கொண்டான், சாமி கும்பிட்டான்? தன்னைத் தவிர வேறு எதன் மேலும் அவனுக்கு அருவருப்பு வந்ததில்லை. அது மட்டும் நிச்சயம். அய்யாவின் காலின் மேல்கூட வந்ததில்லை.

காலில் வந்து நினைப்பு நின்றது. இது அவன் நின்று இளைப்பாறுகிற இடம். சர்க்கரைக் கால். மதுரையில் சுண்டுவிரலை எடுத்துவிட்டு அனுப்பினார்கள். தினம் கட்டு மாற்ற வேண்டும் என்றபோது வீட்டில் எல்லோரும் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்தார்கள். “நான் பாத்துக்கறேன்” என்றான். கையுறை போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். பெத்த தகப்பன் காலைத் தொட உறையா என்று ஒரு பெட்டி உறையையும் அப்படியே அலமாரியில் வைத்துவிட்டான். சீழைத் துடைப்பான், ஓரத்துத் தோலை ஒதுக்குவான், மருந்தைத் தடவுவான். சோறு உண்ணுகிற கையால். முடித்ததும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அதே கையால் உண்பான். செல்வக்கனி கதவுக்கு இந்தப் பக்கமே நிற்பாள், சேலைத் தலைப்பு வாயில் இருக்கும். காப்பியைக்கூடக் கதவோரத்தில் வைத்துவிட்டு, “மாமா, காப்பி” என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவாள். அத்தான் கர்ச்சீப்பை மடிப்புக் கலையாமல் மூக்கில் வைத்துக்கொண்டு வாசப்படியில் நின்றே நலம் விசாரித்தார். அக்கா இந்திரா போனில் அழுதாள்: “தம்பி, ஒரு முகஞ்சுளிப்பு இல்லாம செய்யிறியாமே. நான் பொம்பளப்பிள்ளை, என்னாலகூட முடியாதுடா.” அவர்களையெல்லாம் தனுஷ்கோடி மனதுக்குள் ஒரு தராசில் ஏற்றி இறக்கி வைத்திருந்தான். அவனுடைய தட்டு எப்போதும் கீழேதான் இருக்கும். அந்தக் கனம் அவனுக்குப் பிடித்திருந்தது. வத்தல் மண்டியில் ஒரு நாளும் கிடைக்காத கனம். மதுரைக்கு அடிக்கடி தூக்கிப்போக முடியாதென்று சனிக்கிழமை தோறும் புண்ணைப் போட்டோ எடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்புவான். சகாயமேரி சிஸ்டர் திரும்பக் கூப்பிடுவாள். மூன்றே கேள்வி. காய்ச்சல் இருக்கா? நீர் வடியுதா? வாடை இருக்கா? போன சனிக்கிழமை, “ஓரத்துல கறுப்பாத் தெரியுதே” என்றாள். “மருந்து ஒட்டியிருக்கு சிஸ்டர்” என்றான். மருந்தும் அந்த நிறம்தான். “வாடை?” “ஒரு வாடையும் இல்ல சிஸ்டர்.” “நல்லாப் பாத்துச் சொல்லுங்கண்ணே, போட்டோல வாடை தெரியாது.” “தெனம் மூஞ்சிக்கு நேரா வச்சுப் பாக்குறேன், எனக்குத் தெரியாதா?” வாடை இருக்கா. ஒரு வாடையும் இல்ல. வாராவாரம் அதே கேள்வி, அதே பதில், பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்கிற மாதிரி.

அய்யாவும் ஒருமுறை கேட்டார். கட்டுப் போட்டு முடிக்கிற நேரம். கூரையைப் பார்த்தபடி, “வாடை அடிக்காடா தனுசு?” என்றார். “அதெல்லாம் ஒண்ணும் அடிக்கலய்யா.” அவர் சிரித்தார். அவன் கையைப் பிடித்து, “நீ எம்புள்ளடா” என்றார். அவர் அப்படியெல்லாம் பேசுகிற ஆள் இல்லை. பஜாருக்கும் தெப்பக்குளத்துக்குமாக நடந்தே ஆயுளைக் கழித்த மனுஷர், சைக்கிளில்கூட ஏற மாட்டார், சைக்கிளில் போகிறவன் யாரிடமும் நின்று பேச முடியாது என்பார். விரலை எடுத்த அன்று பெரிய டாக்டர் அவனை மட்டும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: இதோடு நின்றால் நடப்பார். அழுகல் மேலே ஏறினால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டிவரும், ஏறுகிறதா என்று பார்ப்பதுதான் உங்கள் வேலை. அதைச் சொல்லாமலே அய்யா தெரிந்துகொண்டிருந்தார். “காலை எடுத்துட்டா என்னை வீட்டுக்குக் கொண்டாராத. அங்கயே எங்கயாவது விட்டுரு” என்றார் வரும் வழியில். அதைக் கேட்டதிலிருந்து தனுஷ்கோடிக்கு உறக்கத்தில் ஒற்றைச் செருப்பு வரும். வாசலில், கழுவி வைத்தது, ஒன்று மட்டும். புட்டிகள் இருந்தவரை எழுந்து உட்கார்ந்து மூக்கில் சொட்டு விட்டுக்கொள்வான். ஏறுகிறதா என்று பார்ப்பது உங்கள் வேலை. பார்த்துக்கொண்டுதானே இருக்கிறான். செல்வக்கனிதான் ஒத்துழைப்பதில்லை. காலையிலும் சாயங்காலமும் அந்த அறையில் சாம்பிராணி போட்டு வீட்டையே மடமாக்குகிறாள். புகை அவனுக்கு ஆகாது என்று தெரியும். இருமி இருமிச் செத்தான். “எனக்கு அலர்ஜின்னு தெரிஞ்சே போடுற பாரு, உனக்கு என்ன பழி?” என்று தட்டை விட்டெறிந்து கத்தினான் ஒருநாள். அவள் தட்டை எடுத்துக் கழுவி வைத்தாள். சாம்பிராணியை நிறுத்தவில்லை.

ஆவி தணிய ஆரம்பித்திருந்தது. இடது பக்கம் ஏதோ நகர்ந்தது. உள்ளே, கண்ணுக்கும் கன்னத்துக்கும் நடுவில், ஈரச்சாக்கை இழுப்பதுபோல ஒன்று நகர்ந்து, ஊசி நுழைகிற அளவுக்கு இடம் விட்டது. அவன் அசையாமல் இருந்தான். அசைந்தால் அடைத்துக்கொள்ளும். மெதுவாக இழுத்தான். நொச்சி. முதலில் அவனுக்கு அது என்னவென்றே தெரியவில்லை, பச்சையாய், காரமாய், நெற்றிக்குப் பின்னால் போய் நின்றது. பிறகு தெரிந்தது. இதுவரை நாக்கில் கசப்பாக மட்டும் இருந்தது இப்போது இலையாயிற்று. தனுஷ்கோடிக்குச் சிரிப்பு வந்தது. இன்னொரு முறை. நொச்சிக்குப் பின்னால் போர்வை. சோப்பும் வெயிலும், பீரோவுக்குள் கிடந்த பாச்சா உருண்டையும். அதற்குப் பின்னால் தன் வியர்வை, புளிப்பு. இவ்வளவா அடிக்கிறது தன்மேல்? இதோடா பக்கத்தில் படுத்திருக்கிறாள்? அதற்கும் பின்னால் இன்னொன்று. இனிப்பு மாதிரி. இனிப்பு இல்லை. கோடையில் மண்டிப் பின்கட்டில் மூட்டைகளுக்கு அடியில் பெருச்சாளி செத்துக் கிடந்து, எங்கே எங்கே என்று எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு தேட, அவன் மட்டும் ஒன்றும் தெரியாமல் அதன்மேலேயே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தானே, அப்போது மற்றவர்களுக்கு அடித்தது இதுவாகத்தான் இருக்கும். வீட்டுக்குள் எலி செத்திருக்கிறதோ. பரணிலா? சட்டிக்குள்ளா? இலையோடு ஏதாவது விழுந்து வெந்துவிட்டதா? மூக்கைத் துடைக்க விரலைக் கொண்டுபோனான். அது பெருகியது. விரலை விலக்கினான், குறைந்தது. மறுபடி கொண்டுபோனான். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நகக்கண். கட்டைப் பிரித்த கை. சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்த கை. இந்தக் கையால்தான் மத்தியானம் உண்டான். நேற்றும் உண்டான். வாடை இருக்கா. ஒரு வாடையும் இல்ல சிஸ்டர். கை. இது கையின் வாடை இல்லை. கைக்கு எங்கிருந்து வந்தது? மருந்தாக இருக்கலாம். மருந்து இப்படி அடிக்குமா? அடிக்கலாம், அவனுக்கு என்ன தெரியும், மருந்து எப்படி அடிக்கும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தால்தானே. மருந்து இல்லை. ஓரத்துக் கறுப்பு மருந்து இல்லை. அதை அவன் துடைத்துப் பார்த்ததுண்டா? துடைத்தான், போகவில்லை, வலிக்கும் என்று விட்டுவிட்டான், அய்யாவுக்கு வலிக்கவில்லை, வலிக்கவில்லை என்று சந்தோஷப்பட்டான். மூக்கை மூடிக்கொண்டுவிட்டால் என்ன? இது இப்போதுதான் திறந்தது, இன்னும் கொஞ்சத்தில் தானாகவே அடைத்துக்கொள்ளும். அடைத்துக்கொண்டால் அவனுக்கு எதுவும் தெரியாது. சனிக்கிழமை போட்டோ எடுப்பான். தெரியாதவனை யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. அந்த நினைப்பு வந்த வேகத்தில், அதற்கே ஒரு நாற்றம் இருப்பதுபோல, தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

போர்வையை வீசினான். சட்டி கவிழ்ந்தது. செல்வக்கனி அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். “என்னங்க, சுட்டுக்கிட்டீங்களா?” அவன் கையை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். அவள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதுவே போதுமாயிருந்தது. இருந்தாலும் கேட்டான். “கனி, அய்யா ரூம்ல வாடை அடிக்குதா?”

அவள் அவனைப் புரியாமல் பார்த்தாள். கேலி செய்கிறானோ என்று பார்க்கிற பார்வை. “என்ன இப்படிக் கேக்குறீங்க?”

“அடிக்குதா இல்லியா?”

“அடிக்காம? சாம்பிராணி எதுக்குப் போடுறேன்னு நெனச்சீங்க? ஒரு வாரமாத் தெருவாசல் வரைக்கும் வருதுங்க. பக்கத்து வீட்டு அக்கா வேற கேட்டுட்டாங்க, எலி செத்திருச்சுன்னு சொல்லி வச்சிருக்கேன்.”

“ஏண்டி எங்கிட்ட சொல்லல?”

“உங்ககிட்ட என்னன்னு சொல்ல? மூஞ்சிக்கு நேரா வச்சு நீங்க செய்யிறீங்க, ஒரு சொல்லு சொல்றதில்ல. மாமா கால் நாறுதுன்னு மருமக வாயால நான் சொல்லவா? உங்களுக்குத் தெரியாததா, டாக்டர்கிட்ட சொல்லி அவங்க என்னமோ பாத்துக்கறாங்கன்னுல்ல இருந்தேன்.” அவள் குரல் பாதியில் இறங்கிவிட்டது. “உங்களுக்குத் தெரியவே இல்லியா?”

தெரியவே இல்லை. எல்லோரும் அவனுக்குத் தெரியும் என்று நினைத்தார்கள். முகஞ்சுளிக்காத மகன். நீ எம்புள்ளடா. அந்தச் சிரிப்பு இப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. மகன் தனக்காகப் பொய் சொல்கிறான் என்று அவர் சிரித்திருக்கிறார். அவருக்கே அடித்திருக்கிறது. தன் கால் நாற்றத்தைத் தானே முகர்ந்துகொண்டு, மகன் முகத்தைப் பார்த்து, இவ்வளவுதான் போல, பெரிதாக ஒன்றும் இல்லை போல என்று கிடந்திருக்கிறார். எடை மேடை மாதிரி இந்த முகத்தைப் பார்த்திருக்கிறார்கள் எல்லோரும். முள் ஒட்டிப்போன மேடை.

உள்ளறைக் கதவைத் திறந்ததும் அது அவன் மேல் ஈரத்துணிபோல விழுந்தது. சாம்பிராணி அதை மறைக்கவில்லை, அதன் மேல் பூ வைத்திருந்தது. வாயைப் பொத்திக்கொண்டு கதவு நிலையைப் பிடித்தான். கண்ணில் நீர் முட்டியது. அதோடுதான் நிமிர்ந்தான், நிமிர்ந்தபோது அய்யா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல்தடவையாக அந்த முகத்தில் சுளிப்பைப் பார்க்கிறார். எச்சில் தெறித்துவிட்ட சிறுபிள்ளைபோல முகம் சிறுத்தது, காலை மெல்ல வேட்டிக்குள் இழுத்துக்கொண்டார். உள்துணி இளகிப் பாதி தொங்கியது. வேட்டியில் கறை பரவியது.

“ரொம்ப அடிக்குதோ?” என்றார்.

“ஆமாய்யா.”

“அப்படியா.” கூரையைப் பார்த்தார். “நீ அன்னைக்கு இல்லன்ன.”

“எனக்கு மூக்கே இல்லய்யா. இன்னைக்குத்தான் வந்துச்சு.”

அதில் என்ன இருந்ததோ, அய்யாவின் வயிறு குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. “போடா கிறுக்குப் பயலே” என்றார். பிறகு, “மதுரைக்கா?” என்றார்.

“மதுரைக்குத்தான்.”

செல்வக்கனி தெருமுனை வேன்காரரைக் கூப்பிட்டாள். தனுஷ்கோடி சிஸ்டருக்குப் போன் போட்டு வாடை இருக்கிறது என்று சொன்னான். “உடனே வாங்கண்ணே” என்றாள். ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

வேனின் பின்சீட்டில் அய்யா சாய்ந்துகொண்டார். கால் அவன் மடியில். ஓட்டுகிறவர் எல்லாக் கண்ணாடிகளையும் இறக்கிவிட்டார், துண்டை எடுத்து மூக்கில் கட்டிக்கொண்டார். மண்டித் தெருவைக் கடக்கும்போது மிளகாய் நெடி சுள்ளென்று உள்ளே ஏறியது. தனுஷ்கோடி தும்மினான். அண்ணாச்சி பார்த்திருந்தால் நம்பியிருக்க மாட்டார். நெடி தாண்டியதும் மறுபடியும் அதுவே வந்தது, மடியிலிருந்து, சூடாக. கை பழக்கத்தில் சட்டைப் பைக்குப் போகத் துடித்தது. மூக்கைப் பொத்திக்கொள்ள ஒரு கை போதும். ரோட்டில் பள்ளங்கள் அதிகம், ஒவ்வொரு குலுக்கலுக்கும் அய்யா பல்லைக் கடித்தார். தனுஷ்கோடி இரண்டு கைகளாலும் காலைப் பிடித்துக்கொண்டிருந்தான்.